நீலக் கல்லும் அதை விற்றவர் சொன்ன கதையும்

அண்மையில் வாசக அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். உதுமானியக் கலீஃபா இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை இழந்ததற்கு, அவர் கைக்கு வந்த சாபம் பிடித்த நீல வைரமே காரணம் என்று அவருடைய பதினான்கு வயது மகன் கைப்பேசியில் ஒரு காணொளி கண்டானாம். தந்தை சிரித்து ஒதுக்கிவிட்டார். பையனால் ஒதுக்க முடியவில்லை. அன்றிரவு தன் உம்மாவிடம் சென்று, விரலில் இருந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றி வைக்கும்படி கெஞ்சினானாம். உம்மாவும் மகனின் மனம் நோக வேண்டாமென்று கழற்றி வைத்தாராம். “கழற்றியது சரியா, தவறா?” என்பதே அன்பரின் கேள்வி.

மோதிரத்தைப் பற்றிய விடை ஒரு வரியில் முடிந்துவிடும். ஆயினும் அந்தக் கதை எங்கிருந்து வந்தது, அதை யார் எதற்காகச் சொன்னார் என்பதை அப்பையனும் அவனைப் போன்ற பிள்ளைகளும் அறிந்துகொள்வது நல்லது என்று கருதி இதனை எழுதுகின்றோம். காணொளியில் அவன் கேட்டது ஏதோ பழைய வரலாற்று நூலின் செய்தியன்று. 1910ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ஓட்டல் அறை ஒன்றில், ஒரு நகை வணிகர் ஒரு செல்வச் சீமாட்டியின் எதிரில் அமர்ந்து, சரக்கை விற்பதற்காகச் சொன்ன கதை அது.

அந்தக் கல்லுக்கு ஹோப் வைரம் என்று பெயர். ஹோப் என்றால் ஆங்கிலத்தில் நம்பிக்கை. இங்கே அது அக்கல்லை ஒரு காலத்தில் வைத்திருந்த லண்டன் குடும்பத்தின் பெயர் மட்டுமே. இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், வெள்ளை வைரங்கள் சூழ, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. எடை 45.52 காரட். கரியால் ஆன படிகத்துக்குள் போரான் என்னும் தனிமம் மிகச் சிறிதளவு கலந்திருப்பதால் நீல நிறம் கொண்டது. புற ஊதா ஒளியைக் காட்டி விளக்கை அணைத்தால் சில நொடிகள் தணல் போலச் சிவந்து ஒளிரும். இதனையும் சாபத்தின் அடையாளமாகக் காட்டுவோர் உண்டு. கனிம அறிஞர்களுக்கு அது அத்தகைய நீல வைரங்களின் இயல்பு.

கல் பிறந்த இடம் நமக்குத் தொலைவானதன்று. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து, குதுப்ஷாஹி சுல்தான்கள் கோல்கொண்டாவை ஆண்ட காலத்தில், அது வெளிவந்திருக்கும் என்பதே அறிஞர் கருத்து. ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் அதனை வாங்கிச் சென்று 1668இல் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். அப்போது அது 110 காரட்டுக்கும் மேற்பட்ட பெருங்கல். 1673இல் அரண்மனை நகைத்தொழிலாளர் அதனைப் பட்டை தீட்டிச் சிறிதாக்கினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், அரசக் கருவூலத்திலிருந்து களவு போயிற்று. சரியாக இருபது ஆண்டுகள் கடந்து 1812 செப்டம்பரில், மேலும் சிறிதாக வெட்டப்பட்ட ஒரு நீல வைரம் லண்டனில் ஒரு வணிகரின் கையில் தென்பட்டது. இருபது ஆண்டு கடந்த அக்குற்றத்துக்கு வழக்குத் தொடர இயலாது என்பது அன்றைய பிரெஞ்சுச் சட்டம். களவாடிய பொருளைக் கைமாற்றியவர்கள் சாபத்துக்கு அஞ்சவில்லை. சட்டத்துக்கு அஞ்சி நாள் எண்ணிக் காத்திருந்தார்கள் போலும்.

சாபக் கதையோ வேறு விதமாகச் செல்கிறது. தவெர்னியே ஒரு கோயில் சிலையின் கண்ணிலிருந்து கல்லைப் பெயர்த்தார் என்றும், அதனால் காட்டு நாய்கள் அவரைக் கிழித்துத் தின்றன என்றும் சொல்வார்கள். உண்மையில் அவர் பிரபுப் பட்டம் பெற்று, எண்பது வயதைக் கடந்த பின்னும் பயணம் செய்து, 1689இல் ரஷ்ய நாட்டில் இறந்தார். அக்காலத்தில் எண்பத்து நான்கு ஆண்டு வாழ்வதைச் சாபம் என்று யார் சொல்வார்? பதினாறாம் லூயியும் அவருடைய மனைவியும் தலை வெட்டுண்டது இக்கல்லால்தான் என்பார்கள். அவர்கள் கொல்லப்பட்டது 1793இல். கல் அதற்கு முன்பே களவு போய்விட்டது. மேலும், அப்புரட்சியில் தலையிழந்த ஆயிரக்கணக்கானோர் இந்த வைரத்தைக் கண்ணால் கண்டதும் இல்லை.

சுல்தானின் கதைக்கு வருவோம். 1908இல் ஹபீப் என்னும் வணிகர் ஒருவர் இக்கல்லை வாங்கினார். அவர் சுல்தானுக்காக வாங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. சுல்தானின் கருவூலத்துக்கு அது சென்றது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அடுத்த ஆண்டே ஹபீப் தம் கடன் சுமையால் அதனைப் பாரிஸில் ஏலத்துக்கு விட்டார். அப்துல் ஹமீது 1909 ஏப்ரலில் அகற்றப்பட்டதற்குரிய காரணங்கள் வரலாற்றில் வெளிப்படையாக இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்ட அரசியல் சட்டம், படைக்குள் வளர்ந்த இளந்துருக்கியர் இயக்கம், 1908ஆம் ஆண்டுப் புரட்சி, அதனை எதிர்த்து 1909இல் எழுந்த கிளர்ச்சி. ஒரு பேரரசின் வீழ்ச்சியை இவற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ள உழைப்பு வேண்டும். ஒரு நீலக் கல்லைக் கொண்டு விளக்குவதற்கு எதுவும் வேண்டாம். நம் பிள்ளைகள் தம் சமுதாயத்தின் வரலாற்றை இந்த வழியில் கற்பதே நம்மை வருத்துகிறது.

அந்த நகை வணிகர் பியேர் கார்ட்டியே. 1847இல் பாரிஸில் நகைக்கடை தொடங்கிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. மூன்று சகோதரர்களில் மூத்தவர் பாரிஸையும் இளையவர் லண்டனையும் கவனிக்க, நடுவரான பியேர் 1909இல் நியூயார்க்கில் கிளை திறந்தார். ஓர் அமெரிக்கச் செல்வக் குடும்பத்தில் அவர் பெண் எடுத்திருந்தார். ஆயினும் அந்நாட்டின் புதுப்பணக்காரர்களின் வீட்டு வாயில் ஒரு பிரெஞ்சுக் கடைக்காரருக்கு அத்தனை எளிதில் திறந்துவிடாது. ஊர் முழுவதும் பேசும்படியான ஒரு விற்பனை அவருக்குத் தேவைப்பட்டது. 1910இல் ஹோப் வைரம் அவர் கைக்கு வந்தது.

யாரிடம் விற்பது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. எவலின் வால்ஷ் மக்லீன் என்னும் இளம்பெண். அயர்லாந்திலிருந்து குடியேறி, கொலராடோ மலைகளில் தங்கச் சுரங்கம் கண்டு பெருஞ்செல்வரான ஒருவரின் மகள். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழை உடைமையாகக் கொண்ட குடும்பத்தின் மருமகள். 1908இல் தேனிலவுப் பயணத்தின்போதே கார்ட்டியே கடையில் 1,20,000 டாலருக்கு ஒரு வைரத்தை வாங்கியவர். அதே பயணத்தில் இஸ்தான்புல்லுக்கும் சென்று வந்தவர்.

அன்று நடந்ததை எவலின் 1936இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். கார்ட்டியே அரக்கு முத்திரையிட்ட ஒரு பொதியுடன் வந்தார். பொதியை உடனே பிரிக்கவில்லை; பேச்சைத் தொடங்கினார். இஸ்தான்புல் அரண்மனை மகளிரிடம் தாம் கண்டதாக எவலின் முன்னர் சொல்லியிருந்த நீலக் கல்லை நினைவூட்டினார். அதை அணிந்தவள் கத்திக்குத்தில் இறந்தாள் என்றார். கோயிற்களவு, நாய்கள், கில்லட்டின் என அடுக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கல்லைத் தாம் கண்டோமா இல்லையா என்பதே தெளிவில்லை. ஆனால் வணிகர் நினைவூட்டிய பிறகு, கண்டது போலவே தோன்றியிருக்கிறது. மற்றவர்க்குக் கேடு தரும் பொருள் தமக்கு நன்மை தரும் என்பது அவருடைய விசித்திரமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அறிந்தே வணிகர் கதையை அளந்து ஊற்றினார் என்பது நம் கணிப்பு.

அன்று விற்பனை முடியவில்லை. கல் பதிக்கப்பட்டிருந்த அமைப்பு எவலினுக்குப் பிடிக்கவில்லை. கார்ட்டியே வாதாடவில்லை. கல்லைப் புதிய அமைப்பில் பதித்து, அமெரிக்காவுக்கே கொண்டுபோய், சனி ஞாயிறு இரு நாட்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும்படி கொடுத்துவிட்டு வந்தார். நகைக்கடை நடத்துவோர் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள். கைக்கு வந்த நகையைத் திருப்பிக் கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு உண்டு? 1911 ஜனவரியில் 1,80,000 டாலருக்கு விலை முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு விந்தையான நிபந்தனை இடம்பெற்றது: ஆறு மாதத்துக்குள் எட்வர்ட் மக்லீன் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால், சம மதிப்புள்ள வேறு நகைக்கு இதனை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வணிக ஒப்பந்தத்தில் மரணத்துக்கு உத்தரவாதம்! அஜல் எப்போது என்பதை அறிந்தவன் யார் என்பதை நாம் இங்கே சொல்லத் தேவையில்லை. கார்ட்டியேயின் கதை அவரையே திருப்பிக் கடித்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். சாபத்தைச் சொல்லி விற்றவரிடம், வாங்கியவர்கள் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். இரண்டு மாதத்துக்குள் கார்ட்டியே நீதிமன்றம் ஏறினார். 1912இல்தான் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஆனால் ஊர் முழுவதும் அவர் பெயரைப் பேசியது. விற்பனை, சாபம், வழக்கு என ஒவ்வொரு செய்தியும் அவருக்கு விளம்பரம். 1917இல் அவர் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே பெற்றார். விலையாகக் கொடுத்தது 100 டாலரும், பத்து லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர முத்துமாலையும். இன்றும் கார்ட்டியே கடை அங்கேதான் இருக்கிறது. (ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்த பிறகு இயற்கை முத்தின் விலை சரிந்து, அதே மாலை 1957இல் 1,51,000 டாலருக்கு விலை போனது. பஹ்ரைனிலும் குவைத்திலும் முத்துக் குளித்து வாழ்ந்த நம் சகோதரர்களின் குடும்பங்கள் அந்தச் சரிவில் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும்.)

இப்போது நம் கேள்வி. கார்ட்டியே செய்தது குற்றமா? கல் போலியன்று; எடையில் குறையில்லை; விலையில் மறைவில்லை; ஒரு கதையைத்தானே சொன்னார் என்று கேட்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு அந்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்தது. ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கே பாடம். பொருளில் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். உள்ள குறையை மறைப்பது மோசடி என்றால், இல்லாத சக்தியை ஏற்றிச் சொல்வது என்ன? கார்ட்டியே அந்தக் கல்லைச் சொந்தப் பணம் போட்டு வாங்கி, தம் பெட்டகத்தில் வைத்து, கடல் கடந்து கொண்டு சென்றவர். அஞ்சும் மனிதர் செய்யும் செயல்களல்ல அவை. தாம் அஞ்சாத ஒன்றைக் காட்டிப் பிறரை அஞ்ச வைத்து, அந்த அச்சத்தைப் பெருமையாக மாற்றி விற்றார்.

அதற்கு எவலின் கொடுத்த விலை 1,80,000 டாலருடன் நிற்கவில்லை. 1919இல், அவரும் கணவரும் குதிரைப் பந்தயம் காண வெளியூர் சென்றிருந்தபோது, ஒன்பது வயது மூத்த மகன் வீட்டெதிரே கார் மோதி இறந்தான். கணவர் குடியில் அழிந்து, மனநோய் மருத்துவமனையில் 1941இல் இறந்தார். வாஷிங்டன் போஸ்ட் நொடித்து 1933இல் 8,25,000 டாலருக்கு ஏலம் போனது. 1932இல், கடத்தப்பட்ட ஒரு குழந்தையை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஏமாற்றுக்காரனை நம்பி 1,00,000 டாலரை அவர் இழந்தார். அந்தக் குழந்தை அவருடையதும் அன்று. 1946இல் இருபத்து நான்கு வயது மகள் தூக்க மாத்திரையால் இறந்தாள். மறு ஆண்டு எவலினும் மறைந்தார். ஒவ்வொரு மரணத்தின் மறுநாளும் பத்திரிகைகள் தாயின் கண்ணீரை விட்டுவிட்டு, கழுத்திலிருந்த கல்லைப் பற்றி எழுதின.

ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்? மகனைப் பறிகொடுத்தவரிடம், நீ வாங்கிய நகைதான் அவனைக் கொன்றது என்று நாடே சொல்கிறது. சாபக் கதையின் உண்மையான கேடு இதுதான் என்பது நம் துணிபு. அது துயரத்தைத் தடுப்பதில்லை. துயரப்பட்டவர் மீது குற்றத்தைச் சுமத்துகிறது.

அதே எவலினின் வாழ்வில் கல் வருவதற்கு முன் நடந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை. 1905இல் ஒரு கார் விபத்தில் அவருடைய ஒரே சகோதரர் இறந்தார். எவலினின் கால் நொறுங்கியது. அந்த வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மருந்துக்கு அவர் அடிமையானார். தந்தை இறந்தது 1910 ஏப்ரலில். கணவரின் குடிப்பழக்கம் மணநாளுக்கும் முந்தியது. இவை அனைத்தும் கல்லுக்கு முன். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவன கல்லுக்குப் பின் வந்தவை மட்டுமே.

கணக்கில் வராதவர்கள் வேறு சிலரும் உண்டு. தவெர்னியே தம் பயண நூலில் கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் சிறுவருமாக 60,000 பேர் வேலை செய்ததாக எழுதுகிறார். தாம் கண்ட வேறொரு சுரங்கத்தில், தொழில் நன்கறிந்த ஆளுக்கே ஆண்டுக்கு மூன்று வராகன்தான் கூலி என்கிறார். குழிக்குள் மண் சரிந்தும் காய்ச்சலிலும் பசியிலும் அவர்களில் எத்தனை பேர் மடிந்தார்களோ! எந்தச் சாபப் பட்டியலிலும் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. மன்னர்களும் சீமாட்டிகளும் இறந்தால் அது கல்லின் வேலை; கூலியாள் இறந்தால் அது செய்தியே அன்று. நம் சுல்தான்களின் ஆட்சியில் நடந்தது என்பதற்காக இதனை நாம் மூடி மறைக்கவும் கூடாது.

மார்க்கம் இதில் சொல்வது தெளிவானது. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். துயரத்தில் இருந்த தந்தைக்குப் பெருமை சேர்க்கும் பேச்சுதான் அது. மௌனமாக இருந்திருந்தாலே போதும். அந்தக் கதை தானாக நிலைத்திருக்கும். ஆனால் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் உடனே மறுத்தார்கள். சகுனத்தையும் ஸஃபர் மாதத்துப் பீடையையும் அவர்கள் மறுத்தது ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் கஃபாவின் ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடும்போதே, அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்றும், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாம் முத்தமிடுவதாகவும் சொன்னார்கள். உலகிலேயே நாம் மிகவும் மதிக்கும் கல்லுக்கே அதுதான் நிலை என்றால், கார்ட்டியேயின் கல் எம்மாத்திரம்?

இவ்வளவும் அமெரிக்கர்களின் மூடநம்பிக்கை என்று நாம் சிரித்து நகர முடியாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையின் பேருவளையிலும் முத்தும் மாணிக்கமும் நீலமும் விற்று நேர்மைக்குப் பெயர் பெற்ற குடும்பங்கள் நம்முடையவை. இன்று கல் வாங்க வருபவர் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லி, தொழில் விருத்திக்கும் கடன் தீரவும் ஏற்ற ராசிக்கல் எது என்று கேட்கிறார். நீலக் கல்லை மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பும் கடைக்காரர்களில் நம்மவரும் இருக்கிறார்கள். கேட்டால், “நாங்கள் நம்புவதில்லை, வருபவர் நம்புகிறார்” என்பார்கள். கார்ட்டியேயும் அதையேதான் சொல்லியிருப்பார். மாற்றுச் சமயத்தவரின் நம்பிக்கையாயிற்றே என்று சமாதானம் கொள்பவருக்கு ஒன்று கேட்கிறோம்: கல்லின் தரம், ஊர், சூடேற்றியதா இல்லையா என்பவற்றை மட்டும் சொல்லி விற்றால் வியாபாரம் நடக்காது என்றால், அந்த வியாபாரத்தில் பரகத் எங்கே இருக்கிறது?

இனி வீட்டுக்குள் வருவோம். நாம் அறிந்த ஒரு வீட்டில், மருமகள் வந்த நாற்பதாம் நாள் மாமனார் மாரடைப்பில் வஃபாத்தானார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சுவலி வந்திருந்தது. மருந்தை ஒழுங்காக உண்ணாதவர். ஆயினும் மய்யித்து வீட்டிலேயே ஒரு மூதாட்டி, “வந்த கால் சரியில்லை” என்றார். அந்தச் சொல் அங்கே நின்றுவிடவில்லை. மைத்துனரின் விசா தள்ளிப்போனதும், மாடு செத்ததும், மழையில் சுவர் இடிந்ததும் அந்தப் பெண்ணின் கணக்கில் ஏறின. ஐந்து வேளை தொழுகின்ற வீடு அது. ராசிக்கல்லை விரலில் போட மறுக்கும் வீடு. ஆனால் ஒரு பெண்ணையே ராசியற்ற கல்லாக்கி வைத்திருந்தார்கள். எவலினுக்கு அவருடைய நாடு செய்ததை இந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அவளுடைய வீடு செய்தது. எவலினாவது கல்லைக் கழற்றி வைத்திருக்கலாம். இவள் எதைக் கழற்றுவாள்?

ஆகவே அன்பருக்கு நம் விடை: மோதிரத்தை உம்மா மீண்டும் அணியட்டும். மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணியட்டும். அழகுக்காக அணிகிறேன் என்று அவனிடம் சொல்லட்டும், அதில் தவறில்லை. மோதிரம் காக்கும் என்று நினைத்து அணிந்திருந்தால் மட்டும், அது கழற்றப்பட வேண்டியதே. அப்படியே ஹோப் வைரத்தின் மீதிக் கதையையும் பையனுக்குச் சொல்லலாம். ஹாரி வின்ஸ்டன் என்னும் நியூயார்க் நகை வணிகர் 1949இல் அதனை வாங்கி, 1958 நவம்பரில் ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாக அளித்தார். காவல் வண்டி ஏதுமில்லை; பழுப்புத் தாள் சுற்றிய பெட்டியில் பதிவுத் தபாலில் அனுப்பினார். அஞ்சல் கட்டணம் 2.44 டாலர், பத்து லட்சம் டாலருக்கான காப்பீட்டையும் சேர்த்து 145.29 டாலர். இவ்வளவு பேருக்குக் கேடு செய்ததாகச் சொல்லப்படும் கல்லை அந்த நாடே வாங்கி வைத்துக்கொண்டது. அதன் பின் கோடிக்கணக்கானோர் பேழை முன் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

நாம் மேலே சொன்ன வீட்டில் இப்போது இளைய மகனுக்குப் பெண் பேசி முடித்திருக்கிறார்கள். நிக்காஹை ஸஃபர் மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அந்த மருமகளின் கணவர். மனைவிக்காகவே அவர் அதைச் சொன்னார் என்று நினைக்கிறோம். மாமியார் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சம்மதித்தாராம். ஸஃபரில் யாரும் கேட்காததால் மண்டபம் விரும்பிய தேதியில் கிடைத்தது. வாடகையிலும் கேளாமலே குறைத்தார்கள். பெண் வீட்டார் மட்டும் ஒடுக்கத்துப் புதன் கழியட்டும் என்று இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறார்கள்.